ஆல்கீன் சேர்க்கை வினையில ஹைட்ரஜன் எந்தக் கார்பனுக்குப் போகும்னு ஞாபகம் வச்சுக்க ஷார்ட்கட் இருக்கா?

இருக்கு, ஆனா நான் சொல்லப்போறதில்ல, கோச்சுக்காதீங்க. நீங்க லெவன்த் முடிச்சிட்டு நீட்டுக்கோ ஜேஇஇக்கோ ஓடிட்டிருக்கீங்க, ஆர்கானிக்ல ரியாக்‌ஷன் லிஸ்ட்ட பாத்து மலைச்சுப்போய் உக்காந்திருக்கீங்கன்னு நினைக்கிறேன். அந்த ஷார்ட்கட் உங்க காதுல ஏற்கனவே விழுந்திருக்கும். ஆல்கீனோட இரட்டைப் பிணைப்புல இருக்குற ரெண்டு கார்பன்ல எதுல ஹைட்ரஜன் ஜாஸ்தியோ அதுக்கே இன்னொரு ஹைட்ரஜன் போகும், பணக்காரன் மேலும் பணக்காரன் ஆவான், அதானே? அந்த வசனத்தால எனக்கு ஒரு வேலையே போச்சு, அதனாலதான் மெனக்கெட்டு டைப் பண்றேன்.

ஒரு கோச்சிங் சென்டர்ல கெமிஸ்ட்ரி எடுத்துட்டிருந்தேன். அவங்க அடிச்சுக் கொடுத்த மெட்டீரியல்ல மார்கோவ்னிகாஃப் விதின்னு தலைப்பு, கீழ இந்தப் பணக்காரன் வசனம், அதுக்குக் கீழ நேரா இருபது எம்சிக்யூ. காரணம்னு ஒரு வரி கிடையாது. நான் போர்டுல 3-மெத்தில்பியூட்-1-ஈன் எழுதி, ஹைட்ரஜன் குளோரைடு சேத்தா என்ன வரும்னு கேட்டேன். மொத்த கிளாஸும் 2-குளோரோ-3-மெத்தில்பியூட்டேன்னு கத்துச்சு. வரும்தான், ஆனா அது பாதிக் கதை. ஹைட்ரஜன் ஒண்ணாவது கார்பன்ல போய் ஒட்டினதும் ரெண்டாவது கார்பன் பாசிட்டிவ் ஆகுது, அது ஈரிணைய கார்பன் நேரயனி, அதாவது ரெண்டு கார்பனோட ஒட்டியிருக்குற பாசிட்டிவ் கார்பன். பக்கத்துக் கார்பன்ல ஒரு ஹைட்ரஜன் இருக்கு பாருங்க, அது தன்னோட எலக்ட்ரான் ஜோடியையும் தூக்கிட்டு இந்தப் பக்கம் நகந்துடும், ஏன்னா அப்படி நகந்தா பாசிட்டிவ் சார்ஜ் மூவிணைய கார்பனுக்குப் போயிடும், அங்க சுத்தி மூணு ஆல்கைல் குரூப் (கார்பன்-ஹைட்ரஜன் தொகுதி) இருக்குறதால இன்னும் நிலையா இருக்கும். குளோரைடு வந்து அங்க ஒட்டினா 2-குளோரோ-2-மெத்தில்பியூட்டேன். பாத்திரத்துல ரெண்டும் கலந்துதான் இருக்கும். ஷார்ட்கட் வச்சுப் போனா இந்த ரெண்டாவது ஆளு கண்ணுலயே பட மாட்டான்.

பின்னாடி பெஞ்ச்ல ஒரு பொண்ணு, "அப்போ விதி தப்பா மிஸ்?"னு கேட்டா. விதி தப்பில்லமா, மார்கோவ்னிகாஃப் ரஷ்யாவுல கசான்ல உக்காந்து அத எழுதினது 1869, 70 வாக்குல, எலக்ட்ரான்னு ஒண்ணு இருக்குன்னு தாம்சன் சொன்னதே 1897ல. அவர் கண்ணால பாத்தத எழுதி வச்சாரு, காரணம் அவருக்குக் கிடைக்க வழியே இல்ல. நமக்குக் காரணம் தெரியும், தெரிஞ்சும் சொல்லித்தராம இருந்தா எப்படின்னேன். இன்னொண்ணும் காட்டினேன். புரோப்பீன்ல மெத்தில் குரூப்போட மூணு ஹைட்ரஜனையும் எடுத்துட்டு ஃபுளூரின் போட்டா, ஹைட்ரஜன் நடுக் கார்பனுக்குப் போயிடும், பணக்காரன் கதை அப்படியே தலைகீழ். ஃபுளூரின் எலக்ட்ரான இழுக்குறதால அது பக்கத்துல பாசிட்டிவ் சார்ஜ் தாங்காது, அவ்ளோதான். எந்த நேரயனி நிலையா இருக்கும்னு மட்டும் பாத்தீங்கன்னா சாதாரண சேர்க்கை, ஹைட்ரஜன் நகர்றது, ஃபுளூரின்னு மூணு கேஸுக்கும் ஒரே பதில்தான், தனித்தனியா மூணு விதி தேவையே இல்ல.

அன்னைக்கு சாயங்காலமே ஓனர் கூப்ட்டாரு. "இதெல்லாம் எதுக்கு மேடம், ஆப்ஷன்ல டிக் அடிக்கத் தெரிஞ்சா போதும், டைம் வேஸ்ட் பண்ணாதீங்க." நான் அந்த மாசத்தோட நின்னுட்டேன். நின்னது பிரச்சனை இல்ல. சேரும்போது டிகிரி, பி.எட். ஒரிஜினல் எல்லாம் வாங்கி பீரோவுல வச்சுக்கிட்டாங்க, பாதியில போனா மூணு மாச சம்பளத்த கட்டிட்டு வாங்கிக்கோன்னாங்க. நான் படிச்சு வாங்கின சர்ட்டிபிகேட்ட நானே காசு கொடுத்து மீட்கணுமாம்! எங்க வீட்டுக்காரர் நாலு பெரிய மனுஷங்கள கூட்டிட்டுப் போய் சத்தம் போட்ட அப்புறம்தான் கைக்கு வந்துச்சு. டீச்சர் வேலைக்குப் போற பொண்ணுங்க யாராவது இத படிச்சா, ஒரிஜினல காட்டிட்டு கையோட வாங்கிட்டு வாங்க, ஜெராக்ஸ் மட்டும் கொடுங்க. கேள்விக்கு சம்பந்தமில்லதான், இருந்தாலும் சொல்லணும்னு தோணுச்சு.

சரி, பெராக்சைடு விளைவு, அதாவது பெராக்சைடு இருந்தா ஹைட்ரஜன் புரோமைடு விதிக்குத் தலைகீழா சேருறது. இதுலதான் எல்லாரும் குழம்புறாங்க. 1930கள்ல சிகாகோல கராஷும் மேயோவும் அல்லைல் புரோமைடோட ஹைட்ரஜன் புரோமைட சேத்துப் பாத்தாங்க, சில சமயம் 1,2-டைபுரோமோபுரோப்பேன் வருது, சில சமயம் 1,3 வருது. கடைசில பாத்தா காத்து பட்டு அல்லைல் புரோமைடுல உருவான பெராக்சைடுதான் ஆளு. பெராக்சைடு இருந்தா ஹைட்ரஜனுக்கு முன்னாடி புரோமின் ரேடிக்கல் (ஜோடியில்லாத எலக்ட்ரான் உள்ள புரோமின் அணு) போய் ஒட்டுது, அதுவும் இதே மாதிரி நிலையான கார்பன் ரேடிக்கல் வர்ற பக்கமா பாத்துதான் ஒட்டுது. முதல்ல போறது யாருங்குறதுதான் மாறிச்சு, லாஜிக் மாறல.

இது ஏன் ஹைட்ரஜன் புரோமைடுக்கு மட்டும்னு கண்டிப்பா கேப்பாங்க. ஹைட்ரஜன் குளோரைடு பிணைப்ப உடைக்க மோலுக்கு 431 கிலோஜூல் வேணும், புரோமைடுக்கு 366 போதும். கார்பன் ரேடிக்கலால குளோரைடுகிட்ட இருந்து ஹைட்ரஜன பிடுங்க முடியறதில்ல, தொடர் வினை (செயின்) அங்கயே நின்னுடும். அயோடைடுல பிடுங்குறது சுலபம், ஆனா அயோடின் ரேடிக்கல் இரட்டைப் பிணைப்புல போய் ஒட்டுறதே நஷ்டக் கணக்கு. அப்புறம், ஆல்கீன ஆல்கஹாலா மாத்துற ஹைட்ரோபோரேஷன்ல ரெண்டாவது ஸ்டெப்ல ஹைட்ரஜன் பெராக்சைட பாத்துட்டு நிறைய பசங்க அதையும் ரேடிக்கல்னு எழுதுறாங்க. அங்க அது ஆக்சிஜனேற்றத்துக்கு வந்தது, கராஷுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

பிஎச்டி முடிச்சவங்க ரெசனன்ஸ எங்க, ஹைப்பர்கான்ஜுகேஷன எங்கன்னு சண்டைக்கு வராதீங்க, இது லெவன்த் லெவல். மனப்பாடமே வேணாம்னும் நான் சொல்லல, ரீஏஜென்ட் பேரெல்லாம் உருப்போட்டுத்தான் ஆகணும், குளிர்ந்த நீர்த்த காரப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு டையால் (ரெண்டு OH உள்ள ஆல்கஹால்) கொடுக்கும்ங்குறத எந்த லாஜிக்ல கண்டுபிடிப்பீங்க?

போர்டு எக்ஸாம் எழுதப் போறீங்கன்னா ஒண்ணே ஒண்ணு. மெக்கானிசம் வரையும்போது வளைஞ்ச அம்புக்குறி இரட்டைப் பிணைப்புல ஆரம்பிச்சு ஹைட்ரஜன் பக்கம் போகணும், எலக்ட்ரான் நகர்ற திசை அது. நிறைய பேர் ஹைட்ரஜன்ல இருந்து போடுறாங்க, நான் பேப்பர் திருத்தினா அரை மார்க் கட்.