இருவருக்கு எவ்வளவு அரிசி?

கேள்வி: தனிக்குடித்தனம் வந்து பத்து நாளாகிறது. 5 லிட்டர் குக்கரில் நேரடியாகச் சோறு வைக்கிறேன். ஒன்று அடிப்பிடிக்கிறது, இல்லையென்றால் மிஞ்சுகிறது. என்ன செய்வது?

பதில்: பெரிய குக்கரில் கொஞ்சம் அரிசி வைத்தால், பிரஷர் ஏறுவதற்குள் தண்ணீர் வற்றி அடிப்பிடிக்கும். குக்கருக்குள் 2 டம்ளர் தண்ணீர் ஊற்றி, அரிசியைத் தனிப் பாத்திரத்தில் வையுங்கள். ஒருவேளைக்கு இருவருக்கு 150 கிராம் போதும். புழுங்கலரிசியை அரைமணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று பங்கு தண்ணீர்; பச்சரிசிக்கு இரண்டரை. பிரஷர் தானாக அடங்கிய பிறகே திறக்க வேண்டும். மிஞ்சிய சோற்றை ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள், இரவு முழுக்க மேடையில் விடவே கூடாது.

உப்பு, காரம் உங்கள் இருவர் வீட்டுப் பழக்கத்திலும் வேறு வேறுதான். இப்போதைக்குக் குறைத்தே போடுங்கள், தட்டில் சேர்த்துக்கொள்ளலாம். காய் நறுக்குவதை முந்தின நாள் இரவே உங்கள் துணையிடம் தாராளமாகக் கொடுங்கள்.