ஈரல் சுருக்கத்தில் கிட்னி ஏன் படுக்கிறது?

கே: அப்பாவுக்கு ஈரல் சுருக்க நோய். இரண்டே நாளில் கிரியேட்டினின் 0.8-லிருந்து 1.2 ஆகிவிட்டது. லேப் தாளில் 'நார்மல்' என்றுதான் இருக்கிறது. ஆனால் டாக்டர் அட்மிட் ஆகச் சொல்கிறார். அவசியமா?

ப: அவசியம்தான். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு; கிட்னி அதை வடிகட்டி வெளியேற்றும். அப்பாவுக்குக் கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் பெருத்திருக்குமே? தசை கரைந்தவருக்கு அந்த எண் எப்போதும் குறைத்தே காட்டும். 48 மணி நேரத்துக்குள் 0.3 கூடினாலே சிறுநீரகம் திடீரென அடிவாங்கியதாகக் கணக்கு. பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள்; என்னைக் கேட்டால் ஸ்கேன் படத்தைவிட அந்தக் கட்டுதான் அதிகம் பேசும்.

கே: ஸ்கேனில் கிட்னி நன்றாக இருக்கிறதாம். பிறகு ஏன் சிறுநீர் குறைகிறது?

ப: கிட்னி நிஜமாகவே நன்றாக இருக்கலாம். ஈரல் இறுகியதும் குடலைச் சுற்றிய ரத்தக் குழாய்கள் விரிந்துவிடும். தலைமடைக்காரர் எல்லாத் தண்ணீரையும் பாய்ச்சிக்கொண்டால் கடைமடை காயும் அல்லவா? ரத்தம் போதவில்லை என்று எண்ணி, உடம்பு சிறுநீரகக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கிறது. இதுதான் ஹெப்படோரீனல் சிண்ட்ரோம். இந்த நோயில் இறந்தவர்களின் சிறுநீரகங்களை வேறு நோயாளிகளுக்குப் பொருத்தியபோது அவை வேலை செய்ததை 1969-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். நீர் மாத்திரையை நிறுத்துவது, அல்புமின் என்ற ரத்தப் புரதத்தை ஏற்றுவது, விரிந்த குழாய்களை இறுக்கும் டெர்லிப்ரஸின் ஊசி என்று சிகிச்சை போகும். மூச்சுத் திணறல் வருகிறதா என்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டிய மருந்து அந்த ஊசி.

கே: வயிற்றிலிருந்து 7 லிட்டர் நீர் எடுக்கப் போகிறார்கள். அல்புமின் விலை கட்டுப்படியாகவில்லை, விட்டுவிடலாமா?

ப: வேண்டாம். 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் லிட்டருக்கு 8 கிராம் வீதம் ஏற்ற வேண்டும். உங்களுக்கு 56 கிராம். 20 கிராம் பாட்டில் மூன்று. அதை மிச்சம் பிடித்தால் சில நாளில் கிட்னியில் வந்து நிற்கும். எடுத்த நீரில் கொஞ்சம் பரிசோதனைக்கும் போகட்டும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு ஒரு கன மில்லிமீட்டரில் 250-ஐத் தாண்டினால் கிருமித்தொற்று. காய்ச்சலே இல்லாமலும் வரும், கிட்னியைக் கவிழ்ப்பதில் முதல் வரிசை.

கே: மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கிய மாத்திரை?

ப: டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டையும் தூக்கி எறியுங்கள். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு பாராசிட்டமால், நாளுக்கு 2 கிராமுக்குள்.

கே: டயாலிசிஸ் போதுமா?

ப: ஈரல் மாற்று அறுவைக்குக் காத்திருப்பவருக்கு நாள் கடத்த உதவும். ஈரல் மாறியபின் பலருக்குக் கிட்னி தானாகத் தேறிவிடும்.