பால் குடுக்குறப்போ எடையை குறைக்கலாமா, இல்ல பாலை நிறுத்தணுமா?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. வயசு 31, ரெண்டாவது பையனுக்கு 1 வருஷம் 8 மாசம், இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான், பகல்ல ரெண்டு தடவை, ராத்திரி மூணு தடவை. கர்ப்பத்துக்கு முன்னாடி 58 கிலோ, இப்போ 71. "பால் குடுத்தா தானா இறங்கிடும்னு சொன்னாங்க அக்கா, எனக்கு ஏறித்தான் இருக்கு. காலைல ஒரு தே தாரிக் (டின்பால் ஊத்தி ஆத்தின தேத்தண்ணி), வேலைல பத்து மணிக்கு ஒண்ணு, ராத்திரி பால் ஊறணும்னு மாமியார் ஒரு மைலோ கலக்கி குடுப்பாங்க, சாப்பாட்டை குறைச்சா பால் வத்திடும்னு திட்டுறாங்க. பேசாம பாலை நிறுத்திட்டா எடை குறையுமா? வேலை இடத்துல ஒருத்தவங்க ஸ்லிம்மிங் காப்பி விக்கிறாங்க, அதை குடிக்கலாமா?"

காப்பிக்கு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், வேணாம். ஏன்னு பின்னாடி வரேன்.

பால் குடுத்தா எடை இறங்கும்னு உங்ககிட்ட சொன்னவங்க பொய் சொல்லல, அது எந்த மாசத்துக்கு பொருந்தும்னு சொல்லாம விட்டுட்டாங்க, அவ்வளவுதான். முதல் ஆறு மாசம் பிள்ளைக்கு தாய்ப்பாலைத் தவிர வேற எதுவும் இல்ல, ஒரு நாளைக்கு 750, 800 மில்லி வரைக்கும் குடிக்கும், 100 மில்லி பால்ல 65லேர்ந்து 70 கலோரி இருக்கும், அதை உண்டாக்க உங்க உடம்பும் கொஞ்சம் செலவழிக்கும். அதனாலதான் அந்த நேரத்துல தினமும் 500 கலோரி போல கூட சாப்பிடுங்கன்னு சொல்வோம். இப்போ பையன் சோறு, முட்டை, இட்லி எல்லாம் சாப்பிடுறான், உங்ககிட்ட 300 மில்லி குடிச்சான்னு வச்சுக்கிட்டாக்கூட போற கலோரி 200லேர்ந்து 250தான். ஆனா சாப்பாடு மட்டும் பிள்ளை பெத்த வீட்டு சாப்பாடாவே ஓடிக்கிட்டு இருக்கு, நல்லெண்ணெய், பூண்டு, கம்போங் கோழி (நாட்டுக்கோழி) சூப்பு, "நீ ரெண்டு பேருக்கு சாப்பிடணும்"னு இன்னொரு அகப்பை சோறு. பால் குறைஞ்சிருச்சு, தட்டு குறையல. 13 கிலோவும் அங்கதான் இருக்கு.

எங்க பாட்டி காலத்துல இது யாருக்கும் ஒரு பிரச்சனையா இருந்ததில்ல. விடியறதுக்குள்ள பிள்ளையை ஆயாக் கொட்டகைல விட்டுட்டு 400, 500 ரப்பர் மரம் சீவி, ரப்பர் பாலைத் தூக்கிட்டு ஸ்டோருக்கு நடந்து வந்து, அப்றம் பிள்ளைக்கு பால் குடுத்தாங்க, மூணு வயசு வரைக்கும் குடுத்தவங்க கூட உண்டு. அவங்க சாப்பிட்ட சோறையே நாமளும் சாப்பிடுறோம், ஆனா மோட்டர்ல போயி எட்டு மணி நேரம் உக்காந்துட்டு மோட்டர்லயே திரும்பி வரோம்.

பாலை நிறுத்தினா குறையுமா? நிறுத்தின அன்னைக்கே அந்த 200 கலோரி செலவும் நின்னுடும், பழகின பசி மட்டும் கொஞ்ச நாளைக்கு அப்படியே இருக்கும், அதனால ஏறினவங்களையும் பாத்திருக்கேன். சிலருக்கு பசி அடங்கி இறங்கறதும் உண்டு, முன்கூட்டியே சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2 வயசு வரைக்கும், அதுக்கு மேலயும் குடுக்கலாம்னு சொல்லுது. உங்களுக்கு அலுத்துப்போய் நிறுத்தணும்னா தாராளமா நிறுத்துங்க, அது உங்க முடிவு, எடையை காரணம் காட்டி நிறுத்தாதீங்க.

வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினா பாலுக்கு ஒண்ணும் ஆகாது, அதுவும் 20 மாசப் பிள்ளை மூணு வேளை சோறு சாப்பிடறப்போ உங்க பால் கொஞ்சம் முன்னபின்ன ஆனாலும் அவன் வாடிட மாட்டான். பால் ஊறறது பிள்ளை எவ்வளவு உறிஞ்சறான்ங்கறதை வச்சுத்தான், மைலோவை வச்சு இல்ல. மாமியார் பயப்படறதுல நியாயம் இருக்கற இடம் ஒண்ணு உண்டு, திடீர்னு பட்டினி கிடக்கறது. ஒரு நாளைக்கு 1500 கலோரிக்கு கீழ போகாதீங்க. சோறே தொடாத கீட்டோ டயட் பால் குடுக்கற வரைக்கும் வேண்டவே வேணாம், அதுல ரத்தத்துல ஆசிட் ஏறி ஆஸ்பத்திரில சேர்ந்த தாய்மார் இருக்காங்க, அபூர்வம்தான் ஆனா நடந்திருக்கு.

முதல்ல கை வைக்க வேண்டியது டம்ளர்லதான், தட்டுல இல்ல. டின்பால் ரெண்டு மேசைக்கரண்டியே 130 கலோரி வரும், உங்க ரெண்டு தே தாரிக், ஒரு மைலோ, எல்லாம் சேர்த்தா கிட்டத்தட்ட 400 கலோரி, அதாவது பையன் உங்ககிட்ட குடிக்கறதை விட ஜாஸ்தி நீங்க டம்ளர்ல குடிக்கறீங்க! ஒரேயடியா விட முடியாது, எனக்கும் தெரியும், நானும் தேத்தண்ணிக்காரிதான். பத்து மணி தேத்தண்ணியை தே ஓ கோசோங் (பாலும் சக்கரையும் போடாத தேத்தண்ணி) ஆக்குங்க, காலைல உள்ளதை "குராங் மானிஸ்"னு (இனிப்பு கம்மியா) சொல்லி வாங்குங்க, ராத்திரி மைலோவுக்கு பதிலா சக்கரை போடாத பால் அரை டம்ளர். தாகத்துக்கு பச்சைத் தண்ணி. இந்த ஒரு மாத்தத்தை மட்டும் ஒரு மாசம் செஞ்சு பாருங்க, வேற எதையும் தொடாம.

அப்றம் தட்டு. சுகாதார அமைச்சு சொல்ற "சுக்கு சுக்கு செப்பாரோ" (மலாய்ல கால், கால், பாதி) தட்டு முறையை க்ளினிக் சுவத்துல பாத்திருப்பீங்க, கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ முட்டையோ, பாதித் தட்டு காய், பழம். நம்ம வீட்ல அது தலைகீழா இருக்கும், முக்கால் தட்டு சோறு, ஓரத்துல ரெண்டு துண்டு பயத்தங்காய். கெம்புங் மீன் (கானாங்கெளுத்தி), தெம்பே (புளிக்க வச்ச சோயாக்கட்டி), தவ்ஃபு, பருப்பு, கொல்லைல இருக்கற முருங்கைக்கீரை, கங்கோங், இதெல்லாம் வயிறு நிறையற அளவுக்கு போடுங்க, அப்பத்தான் நாலு மணிக்கு பிஸ்கட் டின்னுக்கு கை போகாது. தெம்பேயை எண்ணெய்ல முக்கி எடுத்தா கணக்கு மாறிடும், அதையும் ஞாபகம் வைங்க. பையன் மிச்சம் வைக்கற சோறை வீணாக்கக் கூடாதுன்னு நீங்க வாய்ல போட்டுக்கறீங்க பாருங்க, அதை யாரும் கணக்குல சேக்கறதில்ல. அவனுக்கு கம்மியா போடுங்க, வேணும்னா கேப்பான்.

ராத்திரி மூணு தடவை எழுந்திரிக்கறதை நான் சாதாரணமா எடுத்துக்க மாட்டேன். தூக்கம் கெட்டா மறுநாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடும், அது மனக்கட்டுப்பாடு இல்லாததால இல்ல. இந்த வயசுல ராத்திரிப் பாலை மெதுவா குறைக்கலாம், ஒரு வாரத்துக்கு ஒரு தடவையை விடுங்க, அந்த நேரத்துக்கு அப்பா எழுந்து தட்டித் தூங்க வைக்கட்டும், ரெண்டு மூணு நாள் அழுவான்தான். சாயந்திரம் வெயில் தாழ்ந்ததும் பையனை தள்ளுவண்டில வச்சு அரை மணி நேரம் வேகமா நடங்க, நடந்தா பால் கெட்டுப்போகும்ங்கறது சும்மா பேச்சு.

இப்ப நீங்க எழுதாத சில விஷயம். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஊசி போடறீங்களா? அதுல சிலருக்கு எடை ஏறும், க்ளினிக்ல மிஸ்ஸிகிட்ட (நர்ஸ்கிட்ட) சொன்னா வேற வழி பேசுவாங்க, நீங்களா நிறுத்திடாதீங்க. கர்ப்பத்துல சக்கரை இருந்துச்சா? இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் பாக்கணும், பிரசவத்தோட போயிடுச்சுன்னு விட்டுடக் கூடாது. ரொம்ப அசதி, முடி கொட்டறது, மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்து இருந்தா தைராய்டு பாக்க சொல்லுங்க. மாதவிடாய் தள்ளிப்போயிருந்தா முதல்ல ஒரு கர்ப்ப டெஸ்ட், பால் குடுக்கறப்போ பிள்ளை தங்காதுன்னு நம்பி மூணாவது வந்தவங்க நம்ம ஊர்ல நெறைய.

வயிறு மட்டும் முன்னால தள்ளிக்கிட்டு நின்னா அது எல்லாம் கொழுப்பா இருக்கணும்னு இல்ல. மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி தலையை லேசா தூக்கி தொப்புளுக்கு மேல விரல் வச்சுப் பாருங்க, ரெண்டு விரலுக்கு மேல பள்ளமா உள்ள போனா வயித்து தசை பிரிஞ்சிருக்கலாம், அதுக்கு பெங்குங் (பிள்ளை பெத்தவங்க வயித்துல கட்டற துணி) இறுக்கிக் கட்டினாலும் சரியாகாது, சிட்-அப் போடறது இன்னும் மோசமாக்கலாம், பிசியோகிட்ட போங்க.

காப்பிக்கு வரேன். இந்த மாதிரி காப்பி, ஜூஸ் பொடிகள்ல சிபுட்ராமின்ங்கற மருந்தை கலந்து வித்ததை சுகாதார அமைச்சு பல தடவை பிடிச்சிருக்கு. மாரடைப்பு, பக்கவாதம் வரும்னு 2010லயே அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் சந்தையை விட்டு எடுத்த மருந்து அது. டப்பால பேரு இருக்காது, நீங்க குடிச்சா பாலுக்குள்ள என்ன போகுதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. சில டப்பால பேதி மருந்துதான் இருக்கும், ரெண்டு கிலோ இறங்கும், அவ்வளவும் தண்ணி. இப்போ பேசப்படற எடை குறைக்கற ஊசியும் பால் குடுக்கற வரைக்கும் வேணாம்.

எவ்வளவு நாள் ஆகும்னு கேப்பீங்க. வாரம் அரைக் கிலோன்னா கணக்குப்படி ஆறு மாசம், தீபாவளி, கல்யாண வீடு, பையனுக்கு காய்ச்சல் எல்லாம் சேர்த்தா ஒரு வருஷம்னு வச்சுக்குங்க. 58 வந்தாத்தான் ஆச்சுன்னு இல்ல, 4, 5 கிலோ இறங்கினாலே சக்கரைக்கும் பிரஷருக்கும் நல்லது. வாரத்துக்கு ஒரே நாள், காலைல, ஒரே தராசு.

மாமியார்கிட்ட டயட்டுன்னு சொல்லாதீங்க, அந்த வார்த்தையை கேட்டாலே கோவம் வரும். பத்தியம் முடிஞ்சிருச்சு அத்தை, இனி பழைய சாப்பாடுன்னு சொல்லுங்க, அந்த மைலோவை பையனுக்கும் கலக்கி குடுக்கறாங்களான்னு மட்டும் பாத்துக்குங்க.