ப்ராசஸர் வேகத்தைக் கூட்டலாமா?

கேள்வி: ரைசன் 5 5600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, ப்ராசஸரோடு வந்த கூலர். ஓவர்கிளாக் செய்ய (நிர்ணயித்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்ட) எங்கே ஆரம்பிப்பது? – வாசகர், பாலக்கோடு

பதில்: முதலில் பயாஸில் (கணினி ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை செட்டிங் பக்கம்) எக்ஸ்எம்பி, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங், ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். 3200 வேக ராம் 2400-ல் ஓடிக்கொண்டிருந்தால், கேமுக்கு அதைச் சரிசெய்வதே பெரிய லாபம்.

பிறகு, ப்ராசஸரை முழுமூச்சாக வேலை வாங்கும் சோதனை மென்பொருளான சினிபெஞ்சை 10 நிமிடம் ஓட்டிச் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சிப்பின் எல்லை 90 டிகிரி. இப்போதே 80-ஐத் தாண்டினால் கூலரை மாற்றாமல் தொடவேண்டாம்.

சூடு குறைவு என்றால் பயாஸில் ப்ராசஸர் வோல்டேஜை 1.25 வோல்ட்டில் நிறுத்தி, மல்டிபிளையரை (அடிப்படை வேகத்தைப் பெருக்கும் எண்) 42 ஆக்குங்கள். அடிப்படை வேகம் 100 மெகாஹெர்ட்ஸ் என்ற கணக்கில் அது 4.2 கிகாஹெர்ட்ஸ். சோதனையில் தடுமாறாமல் ஓடினால் மல்டிபிளையரைக் கால் கால் புள்ளியாக ஏற்றுங்கள். நீலத் திரை வந்தாலோ தானாக ரீஸ்டார்ட் ஆனாலோ அந்த வேகத்துக்கு வோல்டேஜ் போதவில்லை. மல்டிபிளையரில் ஒரு படி இறங்குங்கள். வேகத்துக்காக வோல்டேஜில் 1.3-ஐத் தாண்டவேண்டாம். திரையே வரவில்லையா? பிளக்கைப் பிடுங்கி, மதர்போர்டில் பயாஸ் செட்டிங்கைக் காக்கும் சீமாஸ் பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி மாட்டுங்கள்.

மார்கழியில் தாக்குப்பிடித்த செட்டிங் சித்திரையில் விழும். அறைச் சூடு 10 டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். மதிய வேளையில் சோதியுங்கள். இன்னொன்று: தொழிற்சாலை செட்டிங்கிலேயே இது 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை தானாகப் பாயும். 4.2-ல் பூட்டினால் ப்ராசஸரின் ஒரே ஒரு கோரை (உள்ளிருக்கும் தனி இயங்கு பகுதி) மட்டும் பயன்படுத்தும் வேலைகளில் நஷ்டம்தான். ஓவர்கிளாக்கால் கெட்டால் வாரண்டியும் கிடையாது.