மண்ணின் ஈரத்தையும் கடலின் உப்பையும் செயற்கைக்கோளால் எப்படி அளக்க முடிகிறது? அந்த அளவுகளை நம்பலாமா?

பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் கருவிக்கு நிலத்துக்குள் இருக்கும் ஈரமும் கடல்நீரில் கரைந்திருக்கும் உப்பும் எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தரவுகளோடு பழகியவன் என்ற முறையில் என் பதில்: நம்பலாம், ஆனால் நிலத்துக்கு ஒரு விதமாகவும் கடலுக்கு வேறு விதமாகவும்.

இரண்டையும் அறிய உதவுவது ஒரே அளவீடுதான். வெப்பமுள்ள எந்தப் பொருளும் நுண்ணலைக் கதிர்வீச்சை வெளியிடுகிறது. அதன் வலிமையை 'ஒளிர்வு வெப்பநிலை' என்று கெல்வினில் குறிப்பார்கள். எவ்வளவு வெளியிடும் என்பது அப்பொருளின் வெப்பத்தோடு, அதன் மின்காப்பு மாறிலியையும் (மின்புலத்துக்கு அப்பொருள் எவ்வளவு இணங்குகிறது என்பதைக் காட்டும் எண்) பொறுத்தது. நீருக்கு அம்மாறிலி ஏறத்தாழ 80. உலர்ந்த மண்ணுக்கோ 4 அளவில்தான். ஆகவே மண்ணில் ஈரம் ஏற ஏற, அதன் உமிழ்திறன் (கதிர்வீச்சை வெளியிடும் திறன், உச்ச அளவு 1) 0.95 அளவிலிருந்து 0.6 வரைகூட இறங்குகிறது. ஒளிர்வு வெப்பநிலையில் இது 100 கெல்வின் வரையிலான வேறுபாடு. கருவி தவறவிட முடியாத அளவுக்குப் பெரியது.

கடலில் நிலைமை வேறு. உப்பு கூடினால் நீரின் மின்கடத்துத்திறன் கூடி, உமிழ்திறன் சற்றுக் குறைகிறது. ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் ஒரு கிராம் மாறினால், வெதுவெதுப்பான நீரில் ஒளிர்வு வெப்பநிலை அரை கெல்வினுக்குச் சற்று மேல் மாறும், துருவங்களை ஒட்டிய குளிர்ந்த நீரில் அதில் பாதிதான் மாறும். காற்று கிளப்பும் அலைகள், கடற்பரப்பில் பட்டுத் திரும்பும் பால்வெளியின் ரேடியோ அலைகள், வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தின் குறுக்கீடு ஆகிய ஒவ்வொன்றும் இதற்கு ஈடான பிழையை உண்டாக்க வல்லது. அதனால்தான் உப்புத்தன்மையை, செயற்கைக்கோள் ஒருமுறை மேலே கடந்து செல்வதைக் கொண்டே அறிந்துவிட முடிவதில்லை. ஐரோப்பிய விண்வெளி முகமையின் 'ஸ்மோஸ்' செயற்கைக்கோளுக்கு, 200 கிலோமீட்டர் கட்டங்களில் 10 முதல் 30 நாள் சராசரி எடுத்து 0.1 அலகு (ஏறத்தாழ கிலோவுக்கு 0.1 கிராம் உப்பு) துல்லியத்தை எட்டுவதையே இலக்காக வைத்தார்கள்.

இதற்குத் தேர்ந்தெடுத்த அதிர்வெண் 1.4 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 21 சென்டிமீட்டர். இந்த அலை மேகத்தையும் பயிரையும் பெரும்பாலும் ஊடுருவி வரும், அடர்ந்த காட்டில் மட்டும் திணறும். ஆனால் அலைநீளம் பெரிதென்பதால், தரையில் 40 கிலோமீட்டர் அளவுக்காவது பிரித்தறியப் பல மீட்டர் அகலமுள்ள ஆன்டெனா வேண்டும். 2009 நவம்பரில் ஏவப்பட்ட ஸ்மோஸ் இதற்குக் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்பூட்டுவது: விண்வெளியில் விரியும் மூன்று கைகளிலும் நடுப்பகுதியிலுமாக 69 சிறிய ஏற்பிகளைப் பொருத்தி, அவை பெறும் சமிக்ஞைகளை இணை இணையாக ஒப்பிட்டு, ஒரே பெரிய ஆன்டெனா தரக்கூடிய படத்தைக் கணக்கிட்டுப் பெறுகிறார்கள். ரேடியோ வானியலாளர்கள் வானை நோக்கிச் செய்துவந்ததை இவர்கள் பூமியை நோக்கிச் செய்தார்கள். நாசா 2015 ஜனவரியில் ஏவிய 'ஸ்மாப்' செயற்கைக்கோள் வேறு வழியில் சென்றது; 6 மீட்டர் வலைப்பின்னல் ஆன்டெனா ஒன்றைச் சுழலவிட்டது. அதனுடன் சென்ற ரேடார் அதே ஆண்டு ஜூலையில் செயலிழந்ததால், நுண்ணிய பிரிதிறனில் ஈரத்தைத் தரும் திட்டம் பாதியில் நின்றது. ஒளிர்வு வெப்பநிலையை அளக்கும் கதிர்வீச்சுமானி மட்டும் தொடர்ந்து பணியாற்றியது.

1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் யாரும் ஒலிபரப்பக் கூடாது என்பது பன்னாட்டு விதி. அப்படியிருந்தும், ஸ்மோஸ் மேலே சென்றதும் பல நிலப்பகுதிகளிலிருந்து சட்டவிரோதமான ஒலிபரப்புகளும் அண்டை அலைவரிசை ரேடார்களின் கசிவும் படத்தைக் கெடுப்பது தெரியவந்தது. இயற்கையின் மெல்லிய சமிக்ஞையைக் கேட்க ஒதுக்கப்பட்ட இந்தச் சிறிய இடைவெளியைக் காப்பது, புதிய செயற்கைக்கோள் செய்வதற்கு நிகரான முக்கியத்துவம் உடையது என்று உறுதியாகக் கருதுகிறேன்.

இனி நம்பகத்தன்மை. கருவி உணர்வது மண்ணின் மேல் 5 சென்டிமீட்டர் அளவை மட்டுமே. வேர் மண்டல ஈரம் என்று வெளியிடப்படும் தரவு, இந்த அளவீட்டைக் கணினி மாதிரியின் கணிப்போடு இணைத்துப் பெறப்பட்டது. மேலும், ஒரு பிக்சலுக்குள் (படத்தின் ஒரு கட்டம், சுமார் 40 கிலோமீட்டர் அகலம்) வயல், குளம், ஊர், பாறை எல்லாம் அடங்கிவிடும். அதன் எண்ணை வயலில் குத்திய ஓர் உணர்கருவியின் எண்ணோடு நேருக்கு நேர் ஒப்பிட்டால் இரண்டும் ஒத்துப்போகாது, அது இரண்டில் எதனுடைய குறையும் அன்று. பெரிய ஆற்றுப்படுகை ஒன்றில் வறட்சி வளர்வதைப் பின்தொடரவும், நிலம் ஏற்கெனவே நனைந்து வெள்ளத்துக்கு ஏதுவாக இருப்பதை முன்கூட்டி உணரவும் இத்தரவு மிகவும் பயன்படும். ஒரு வயலுக்கு நீர் பாய்ச்சும் நாளை முடிவு செய்ய உதவாது.

கடலிலும் இதே எச்சரிக்கை உண்டு. செயற்கைக்கோள் உணர்வது மேல் ஒரு சென்டிமீட்டர் நீரை. கடலுக்குள் மூழ்கி எழுந்து வெப்பத்தையும் உப்பையும் அளக்கும் தானியங்கி ஆர்கோ மிதவைகள் வழக்கமாக 5 மீட்டர் ஆழம் வரை வந்ததும் அளவை நிறுத்திவிடுகின்றன. பெருமழை பெய்து, காற்று அடங்கியிருக்கும் வேளையில் நன்னீர் மேலே மெல்லிய படலமாகத் தங்கிவிடுவதால், இரண்டும் வெவ்வேறு எண்களைத் தரும், இரண்டும் சரியாகவே இருக்கும். கரையை ஒட்டிய பிக்சல்களில் மட்டும் நிலத்தின் வலிய கதிர்வீச்சு கலந்துவிடுவதால், கரையிலிருந்து 40, 50 கிலோமீட்டருக்குள் வரும் உப்பு அளவுகளை, அந்த அளவு நம்பத்தக்கதா என்று தரவோடு தரப்படும் தரக் குறியீட்டைப் பார்க்காமல் நான் பயன்படுத்துவதில்லை.