மனப்பாடச் செபங்களுக்கு வல்லமை உண்டா? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நான் யாழ்ப்பாணம் குருநகர். கொஞ்சக் காலமாக ஒரு செபக் குழுவுக்குப் போய் வருகிறேன். அங்கே அவரவர் மனதில் வருவதைச் சொந்த வார்த்தையில் சொல்லித்தான் செபிப்பார்கள். வீட்டுக்கு வந்தால் பின்னேரம் 7 மணிக்கு அம்மம்மா செபமாலைக்குக் கூப்பிடுகிறார். 53 தரம் அதே ‘அருள் நிறைந்த மரியே’. அது முடிய, மாதாவைப் பல பெயர்களால் புகழ்ந்து மன்றாடும் மாதா பிரார்த்தனை. ‘தந்தமயமாயிருக்கிற உப்பரிகையே’ என்றால் என்னவென்று அங்கே முழங்காலில் நிற்கும் ஒருவருக்கும் தெரியாது. பிதற்ற வேண்டாம் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 6:7). போதாக்குறைக்கு, ‘9 நாள் இந்தச் செபத்தைச் சொன்னால் கேட்டது கிடைக்கும், 13 பேருக்கு அனுப்பு’ என்று அம்மம்மாவின் வாட்ஸ்அப்பில் வருகிறது. இந்தப் பழைய செபங்களுக்கு உண்மையிலேயே வல்லமை இருக்கிறதா, இல்லை வெறும் பழக்கதோஷமா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

மத்தேயு 6:7ஐ எடுத்தீர்கள், சரி. அப்படியே இரண்டு வசனம் கீழே போங்கள். பிதற்ற வேண்டாம் என்று சொன்ன கையோடு, இப்படிச் செபியுங்கள் என்று ‘பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே’ எனத் தொடங்கும் பரலோக மந்திரத்தைச் சொல்லிக் கொடுக்கிறார். கெத்சமனியில் மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லிச் செபித்தார் என்று எழுதுகிறவரும் அதே மத்தேயுதான் (26:44). சிலுவையில் தொங்கும்போது அவர் வாயில் வந்ததோ 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி, அவருடைய சனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தது. மூச்சு முட்டுகிற நேரத்தில் அவரும் புதிதாக ஒன்றைக் கட்டிச் சொல்லவில்லை.

உங்கள் வயதில் நாங்கள் செபமாலை சொன்னது பெரும்பாலும் பங்கருக்குள், போர்க்காலப் பதுங்குகுழியில். மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை. உள்ளே முழங்காலை மடக்கிக்கொண்டு அயலட்டை முழுக்க இருக்கும். ஹெலி சுற்றத் தொடங்கினால் எவ்வளவு பெரிய வாய்க்காரருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் ‘மனதில் வருவதைச் சொல்’ என்றால் மனதில் எதுவும் வராது. ஒரு கிழவி ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தின் முன்பாதியைத் தொடங்குவார். அவர் குரல் நடுங்கி நிற்கிற இடத்தில் மற்றவர்கள் பின்பாதியைப் பிடித்துக்கொள்வார்கள்: ‘இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும் வேண்டிக்கொள்ளும்.’ லூக்கா நற்செய்தியில் உள்ளது முன்பாதி மட்டும்தான். பின்பாதி விசுவாசிகளின் வாயில் ஊறி வந்து 1568இல் உரோமைச் செபப் புத்தகத்தில் நிலைபெற்றது. சாவுக்குப் பயந்த சனங்கள் சேர்த்துக்கொண்டது என்றுதான் எனக்கு எப்போதும் படும்.

பிரார்த்தனையின் கடைசியில் அம்மம்மா சொல்வதைக் கவனித்திருப்பீர்கள்: ‘சர்வேசுரனுடைய பரிசுத்த மாதாவே, இதோ உம்முடைய சரணமாக ஓடி வந்தோம்.’ எகிப்தில் கிடைத்த பப்பிரசுத் துண்டு ஒன்றில் இதே செபம் கிரேக்கத்தில் இருக்கிறது. 1938இல் பதிப்பித்தார்கள். இப்போது மான்செஸ்டரில் இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டு என்பாரும் உண்டு, அதற்குப் பிந்தியது என்பாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், ‘ஓடி வந்தோம்’ என்று முதலில் சொன்னவர்கள் நாங்கள் இல்லை.

சரி, வல்லமை? செபித்ததால் ஷெல் விலகிப் போனது என்று நான் எழுதமாட்டேன். 1995 யூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த சனங்கள் மீது குண்டு விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். எங்களைவிட அவர்கள் குறைவாகச் செபித்தார்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? செபத்தைக் கடவுளை மடக்கும் மந்திரமாக எடுத்தால், நவாலிக்கு முன்னால் அந்தக் கணக்கு நிற்காது. நான் கண்ட வல்லமை வேறு. அது ஆளைத் தனியே விடாது. ஒருவர் முன்பாதி, மற்றவர்கள் பின்பாதி என்று பிரித்து வைத்திருப்பதே அதற்குத்தான். செத்தவீட்டில் பாருங்கள். அழுது அழுது தொண்டை அடைத்துப்போன தாய் வாய் திறக்கத் தேவையில்லை, பாயில் இருக்கும் பெண்கள் அவவின் பங்கையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். சொந்த வார்த்தைச் செபத்தில் இந்த வசதி இல்லை. (அதுவும் நல்லதுதான், நானும் செய்கிறேன். ஆனால் சில குழுக்களில் ஒலிவாங்கி பிடிக்கிறவர் கடவுளோடு கதைக்கிறாரா எங்களோடு கதைக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம் வரும்.)

இன்னொன்று, யாழ்ப்பாணத்தார் மறக்கக்கூடாதது. 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்திவிட்டார்கள். கோவாவைச் சேர்ந்த குரு யோசேவாஸ் அடிகள் இங்கே வந்து சேர்ந்தது 1687இல். ஏறக்குறைய 30 வருடம் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. பிச்சைக்காரக் கோலத்தில் வந்த அவர், கத்தோலிக்கர் யாரென்று அறியக் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார் என்பார்கள். அதைப் பார்த்து முகம் மாறியவர்களை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தாராம். பிறகு சில்லாலையில் தங்கிப் பணி செய்தார். அந்த இடைக்காலத்தில் விசுவாசத்தைக் கொண்டுவந்து சேர்த்தது யார்? பெற்றோரும் பேரன் பேத்தியும் விளக்கடியில் மனப்பாடமாகச் சொன்ன செபங்கள்தான். சொந்த வார்த்தையை மட்டும் நம்பியிருந்தால் ஒரு தலைமுறையோடு போயிருக்கும்.

உப்பரிகை விசயம்: விவிலியத்தின் உன்னத சங்கீதத்தில் காதலன் காதலியின் கழுத்தைத் தந்தக் கோபுரம் என்று புகழ்கிறான், அங்கேயிருந்து வந்தது. அம்மம்மாவுக்குச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். அந்தப் பிரார்த்தனை உறைந்துபோன ஒன்றும் இல்லை. 2020இல் பாப்பரசர் பிரான்சிஸ் மூன்று புகழ்களைச் சேர்த்தார். அதில் ஒன்று மாதாவைப் புலம்பெயர்ந்தோரின் ஆறுதல் என்கிறது. கனடாவிலும் பிரான்சிலும் பிள்ளைகளை விட்டிருக்கும் எங்கள் ஊர்த் தாய்மாருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

வாட்ஸ்அப் விசயத்தில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. அழித்துவிடுங்கள். உள்மனம் இல்லாமல் வெளிச்சடங்கால் மட்டும் பலன் வரும் என்று நினைப்பது மூடநம்பிக்கை என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே சொல்கிறது (எண் 2111). அந்த 13 பேரில் ஒருவருக்கு அனுப்ப மறந்து, ஏதாவது நடந்துவிடுமோ என்று அம்மம்மா நித்திரையில்லாமல் கிடப்பதுதான் மிச்சம்.

செபமாலையை ஓட்டமாகச் சொல்வது பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். முன்பாதி முடிய முன்னமே பின்பாதி தொடங்குகிற வீடுகள் உண்டு. ஒவ்வொரு பத்துக்கும் முன் தியானிக்க வேண்டிய தேவ இரகசியத்தை (இயேசு, மாதா வாழ்வின் ஒரு நிகழ்வு) அறிவித்துவிட்டு ஒரு மூச்சுக்கூட விடமாட்டார்கள். தியானம் இல்லாத செபமாலை ஆன்மா இல்லாத உடல் என்று பாப்பரசர் ஆறாம் பவுல் 1974இல் எழுதினார். இன்று பின்னேரம் அம்மம்மா கூப்பிட்டால் போங்கள். செபமாலையின் பத்து மணிகளை நீங்களே முன்னின்று சொல்லுங்கள், ஆறுதலாக. அவருக்கு முழங்கால் நோவு இருந்தால் கதிரையில் இருக்கச் சொல்லுங்கள், அதில் பாவம் ஒன்றும் இல்லை.