சார்ஜர் விளக்கு அணைகிறதா? போர்டை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் இருக்கிறேன். லேப்டாப் வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. சார்ஜரை பிளக்கில் மாட்டினால் அதன் விளக்கு எரிகிறது. பின்னை லேப்டாப்பில் சொருகிய நொடியே அணைந்துவிடுகிறது. கடையில் மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மல்டிமீட்டர் வைத்திருக்கிறேன். வீட்டிலேயே ஏதாவது பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். அந்த விளக்கே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. உங்கள் சார்ஜர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். லேப்டாப் உள்ளே 19 வோல்ட் லைன் எங்கோ நேராக கிரவுண்டைத் (மைனஸ் பக்கத்தை) தொடுகிறது போலிருக்கிறது; இதைத்தான் ஷார்ட் என்கிறோம். அதனால் சார்ஜர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடுகிறது. பல நேரம் இதற்குக் காரணம் கடுகு அளவு செராமிக் கெபாசிட்டர் ஒன்றுதான். அதற்காக முழு போர்டையும் மாற்றச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. (உருளைப் பின் சார்ஜர் என்று வைத்துச் சொல்கிறேன். டைப்-சி என்றால் கணக்கு வேறு.)

அடிமூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதை அழுத்தவோ நெம்பவோ வேண்டாம். பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். ஃபைல்கள் சேமிக்கப்படும் எஸ்எஸ்டி தனியாகக் கழற்றுகிற வகை என்றால் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். போர்டு செத்தாலும் உங்கள் படங்கள் அதில்தான் இருக்கின்றன.

அப்புறம் சார்ஜிங் ஜாக். அது வயரோடு தனியாக வந்தால் போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு, ஜாக்கில் மட்டும் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். விளக்கு இப்போதும் அணைந்தால் குற்றவாளி ஜாக்தான். வேலை முடிந்தது.

அணையவில்லையா? சார்ஜரை எடுத்துவிட்டு மல்டிமீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வையுங்கள். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.3 போல ஏதாவது காட்டும். அது வயரின் கணக்கு, கழித்துக்கொள்ளுங்கள். கறுப்பு முனை ஸ்க்ரூ துளையைச் சுற்றியுள்ள வளையத்தில். சிவப்பு முனை ஜாக்கின் சிவப்பு வயர் போர்டில் சேரும் இடத்தில். பக்கத்தில் எட்டுக் கால் மாஸ்ஃபெட்டுகள் (சுவிட்ச் போல வேலை செய்யும் சிப்கள்) இருக்கும். அவற்றைத் தாண்டிய பக்கத்தையும் அளந்து பாருங்கள். ஒரு ஓமுக்கும் கீழே காட்டினால் ஷார்ட் அந்த லைனில்தான்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பீப் மோடில் வைத்து பிராசஸர் அருகே உள்ள காயில்களைத் தொட்டால் மீட்டர் கத்தும். அதை ஷார்ட் என்று நினைத்து நல்ல பாகத்தைக் கழற்றிவிடுவார்கள். பிராசஸர் லைனில் ஓரிரு ஓம், சிலதில் அதற்கும் குறைவாகக் காட்டுவதுகூட இயல்பு. அதனால்தான் பீப்பை நம்பாமல் எண்ணைப் பார்க்கச் சொல்கிறேன்.

எந்தக் கெபாசிட்டர் என்று கண்டுபிடிக்க, கரன்ட் லிமிட் உள்ள பவர் சப்ளை வேண்டும். அந்த லைனில் 1 வோல்ட், 2 ஆம்பியர் மட்டும் கொடுத்து, மேலே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தடவுங்கள். போர்டு முழுக்க ஈரமாக மின்னும்போது ஒரே ஒரு புள்ளி மட்டும் சட்டென்று காயும். அதுதான் சூடாகிற கெபாசிட்டர். 1 வோல்ட்டுக்கு மேல் போகாதீர்கள்: ஷார்ட் மாஸ்ஃபெட்டில் இருந்தால் அந்த வோல்டேஜ் நேராக பிராசஸருக்குப் போய்விடும். சானிடைசர் ஊற்றாதீர்கள், அதில் தண்ணீர் கலந்திருக்கும்.

கெபாசிட்டரைக் கழற்றுவதை மட்டும் வீட்டில் முதல்முறையாகச் செய்யாதீர்கள். கிரவுண்ட் செம்பு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சாதாரண சால்டரிங் அயர்னோடு மல்லுக்கட்டினால் பாகம் ஒட்டியிருக்கும் செம்புத் தகடான பேடும் சேர்ந்து பிய்ந்து வரும். கிராண்ட் ரோடு ஸ்டேஷன் பக்கம், லாமிங்டன் ரோட்டில் சிப் லெவல் சர்வீஸ் (போர்டில் பழுதான பாகத்தை மட்டும் மாற்றுவது) செய்பவரிடம் கொண்டுபோய், "19 வோல்ட் லைன் 0.4 ஓம் காட்டுகிறது, ஜாக் நல்லா இருக்கு" என்று நீங்கள் அளந்த எண்ணைச் சொல்லுங்கள். கழற்றிய கெபாசிட்டரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.